மடியில் இருந்த இட்லி

ஆனி 12. மதுரை, மகன் வீடு.

காலையில் திருவண்ணாமலையில் ரயில் ஏறினால், வேறு பெட்டியைக் கோர்த்து இருக்கைகளை மாற்றியிருந்தார்கள். மகன் குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம், எனக்குக் கடைசி வரிசை. எல்லாருக்குமாகப் பொடி தடவிய இருபது இட்லி என் மடியில். யாராவது கேட்டு வருவார்கள் என்று விழுப்புரம் தாண்டியும் பிரிக்கவில்லை.

ரயிலில் இப்போது தட்டுச் சாப்பாடு இல்லை, பொட்டலம்தான். கொண்டுவந்தவர் ஒன்றை நீட்டினார். “முன்னாடி இருக்கிற சார் குடுக்கச் சொன்னாரும்மா.”

“நான் சாப்ட்டாச்சுனு சொல்லுங்க.”

அப்படிச் சொன்னபின் எப்படிப் பிரிப்பது? மதுரை வரை பட்டினி.

இறங்கும்போது மகன் சிரித்தான். “ஏம்மா, இருபது இட்லியும் நீயேவா தின்ன?”

நானும் சிரித்தேன்.

இட்லிப் பை தலைமாட்டில் இருக்கிறது. புளித்த வாடை வருகிறது. ஊரில் என்றால் மாட்டுக்கு வைக்கலாம். இது மாடி வீடு. மருமகள் எழுவதற்குள் வழி பார்க்க வேண்டும்.