ஒன்பது நிமிட 'ஏ'

2025 ஜூன் 11, புதன்

எழுந்ததும் முதல் வேலையாக அரிசி வாளிக்குள் கையை விட்டு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். இந்த ஈரத்தில் வேறு எங்கே வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கிறது. 2005இல் நாங்கள் பாடிப் பதிந்த சீடிகளில் இரண்டு அப்படித்தான் போயின. மிஞ்சியதைத் துடைத்துத் துடைத்து இதற்குள் ஏற்றியிருக்கிறேன். ஏழு பாட்டு. என் கீபோர்ட் தனி, பிரதாப்பின் கிட்டார் தனி, லோஜினியின் குரல் தனி.

'ஈரக் கம்பளி' என்று ஒரு இசைக்குழு ஹட்டனில் இருந்தது என்றால் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் வெறும் கம்பியூட்டர் டீச்சர். நாங்கள் மூன்று பேர். எதிரொலியில் ஊறிய கிட்டார், அவசரமே இல்லாத தாளம், பனிக்குள் எங்கோ நின்று பாடுகிற மாதிரி ஒரு குரல். கேட்ட கொஞ்சப் பேரும் "தூக்கத்துல பாடுறீங்களா?" என்று கேட்டார்கள். நாற்பது சீடி விற்றது. பிறகு பிரதாப் டோஹாவுக்குப் போனான். லோஜினி கல்யாணம் கட்டினாள். எனக்கு நியமனக் கடிதம் வந்தது.

இப்போது நாற்பத்து நான்கு வயதில் அந்த ஏழு பாட்டையும் பிரித்து, இழுத்து, ஒரு கூடம் நிறைய ஒலியும் ஒளியுமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். இடம், ஹட்டனை அடுத்த றொசல்லப் பக்கம் மூடிக் கிடக்கிற தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. ஒலி என்னுடையது, படம் வீடியோ செய்கிற தம்பி மதுரனுடையது. ஓகஸ்ட் 9 திறப்பு. எனக்கென்று நான் செய்கிற ஒரே காரியம் — வேண்டாம், பேச்சு ரொம்பப் பெரிதாகப் போகிறது.

கண்டியிலிருந்து இதையெல்லாம் ஒழுங்கு செய்கிற அம்னா மெசேஜ் போட்டிருந்தாள். லோஜினியின் சம்மதம் வேண்டுமாம். "சைன் வைக்க ஏலாட்டி குரல்ல எடுத்து அனுப்புங்க. சுருக்கமா இருந்தாப் போதும்."

சுருக்கமாகத்தான் இருக்கும். மூன்று வருடமாக லோஜினியிடம் இருப்பது ஒரே ஒரு சொல்.

ஜூன் 14, சனி

தோட்டத்து லயத்தின் கடைசி வீடுதான் லோஜினியுடையது. வாசலில் அவள் புருஷன் யோகேஸ்வரன் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர். மகாராணி இப்பத்தான் தல சீவி உக்காந்திருக்காங்க."

லோஜினி வலது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 2022இல் அவள் பக்கவாதம் வந்து விழுந்த அன்று, நாடெல்லாம் பெட்ரோல் தட்டுப்பாடு, யோகேஸ்வரன் மூன்றாவது நாளாக வரிசையில் நின்றார். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பொழுது சாய்ந்துவிட்டது. இதை ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் திருப்பிக் கேட்டதில்லை.

போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "லோஜி, நம்ம பாட்டுகள வச்சு ஒரு வேலை செய்றேன். உன் குரலைப் போட்டுக்கட்டுமா?"

"ஆமா."

"வெளியாளுங்க வந்து கேப்பாங்க. பரவால்லியா?"

"ஆமா." இடது பக்கத்தால் சிரித்தாள்.

ரயில் வருமுன்பே ஸ்டேஷனில் நின்று அம்னாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைத்தால்தான் பிறகு நம்புவேன்.

ஜூன் 29, ஞாயிறு

கொழுந்து வாட்டிய நீளத் தட்டுகள் தொழிற்சாலை மாடியில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் மதுரன் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறான். குரல் ஏறினால் துணியில் பனி ஏறும், குரல் தேய்ந்தால் பின்னாலிருக்கிற மலை தெரியும். சுற்றிவர எட்டு ஸ்பீக்கர்.

'ஏழு மணி பஸ்ஸும் போயிருச்சு, நீ இன்னும் பேசல.' இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய வரி. யாரை நினைத்து என்று இங்கேயும் எழுதமாட்டேன். லோஜினி எட்டு விநாடியில் பாடியதை இழுத்து இழுத்து ஒன்றேகால் மணித்தியாலம் ஆக்கியிருக்கிறேன். முதல் 'ஏ' மட்டும் ஒன்பது நிமிடம். அந்த அளவுக்கு இழுத்தால் அது பாட்டாக இல்லை. அவள் தொண்டையின் சொரசொரப்புக்குள் நடந்துபோகிற மாதிரி இருக்கிறது. இன்று அதற்குள் நின்று அழுதேன். நல்ல அழுகை.

மதுரன் கீழே இருந்து கத்தினான். "இவ்வளவு இழுத்தா இது யாரு குரல்னு யாருக்குத் தெரியும்க்கா?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் நீங்க கேஸ் போட மாட்டீங்க. விடுங்க."

ஜூலை 10, வியாழன், பௌர்ணமிப் போயா விடுமுறை

லோஜினி வீட்டில் இன்று நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன். "சீனி போடவா?" என்றேன். "ஆமா" என்றாள். கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு இடது கையால் தள்ளுகிறாள்.

யோகேஸ்வரன் சொன்னார், "அவளுக்குச் சீனி ஆகாதுங்க. அவளே விட்டு ரெண்டு வருஷமாச்சு."

"ஆமான்னாளே!"

"எல்லாத்துக்கும் அதான் டீச்சர். கரண்டு போயிருச்சான்னாலும் ஆமா, வந்துருச்சான்னாலும் ஆமா. என்னைய மாதிரி புருஷன் கெடைப்பானான்னேன், அதுக்கும் ஆமான்னுட்டா. அது ஒண்ணுக்காச்சும் யோசிச்சிருக்கலாம்."

சிரித்துக்கொண்டே நானும் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டேன். "லோஜி, நான் யாரு? ராக்காயியா?"

"ஆமா."

மூன்று பேரும் சிரித்தோம். எங்களைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப உன் குரலைப் போட வேணாமா?"

"ஆமா."

தலையாட்டிக் காட்டு என்றேன். எப்படிக் கேட்டாலும் ஒரே ஆட்டம்தான்.

ஒரே சொல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை வேண்டாத இடத்தில் சொல்லமாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

அம்னாவிடம் போனில் சொன்னேன். "நீங்க யோசிக்கிறது ரொம்பக் கூட" என்றாள். "அவங்கட ஹஸ்பண்ட் சைன் வச்சாப் போதும்." அவள் கெட்டவள் இல்லை. ஒன்பதாம் திகதிக்கு ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

யோகேஸ்வரனுக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்குமுன்பே, "பேப்பரக் குடுத்துவிடுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். பிறகு, "அவ குரல் வீட்டுல கேட்டு மூணு வருஷமாச்சு. எங்கயாச்சும் கேக்கட்டுமே டீச்சர்."



ஜூலை 19, சனி

வெள்ளோட்டம். இருபது பேர் வந்திருந்தார்கள். லோஜினியை உட்கார்ந்த கதிரையோடு தூக்கி மதுரனும் யோகேஸ்வரனும் மேலே கொண்டுவந்தார்கள். "மெல்ல, மெல்ல, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்பிடித் தூக்கல" என்று யோகேஸ்வரன் மூச்சுவாங்கினார். கூடத்தின் நடுவில் வைத்தோம்.

கிட்டார் எழும்பியது. துணிகளில் பனி. பிறகு அவள் குரல்.

உடனே கண்டுபிடித்துவிட்டாள். முதுகு நிமிர்ந்தது. வாயைத் திறந்து அதே சுருதியில் 'ஏ' என்று சேர்ந்துகொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு. யோகேஸ்வரன் சுவரில் சாய்ந்துவிட்டார்.

மூச்சு முடிந்ததும் நிறுத்தினாள். ஸ்பீக்கரில் 'ஏ' போய்க்கொண்டிருந்தது. மறுபடி மூச்சை இழுத்து 'ஏ' என்றாள். நிறுத்தி என்னைப் பார்த்தாள். மறுபடி 'ஏ'. மறுபடி. நெற்றி வேர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அது வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அதை நான்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறேன்.

நான் ஏன் நிறுத்தவில்லை? லெப்டொப் என் முன்னால்தான் இருந்தது. ஒரு விரல் போதும். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் போனில் எடுத்தார்கள், எனக்குக் கை வரவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தடவைக்குப் பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள்.

ஜூலை 21, திங்கள்

இடைவேளையில் அம்னாவின் அழைப்பு. சனிக்கிழமை எடுத்த வீடியோ பெர்லினில் ஒரு விழாக்காரர்களிடம் போயிருக்கிறது. அடுத்த வருடத்துக்கு எங்களைக் கேட்கிறார்களாம்.

"லோஜினியும் வரணும். நடுவில உக்காந்து, அப்பிடியே செய்யணும்."

"அப்படியேன்னா?"

"வாயைத் திறந்து திறந்து. அதுதான் இந்த வேலைட உயிரே. உங்களுக்குத் தெரியல்லியா?"

தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன் — 'பெர்லின்' என்றதும் முதலில் என் மனசு குதித்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் லோஜினி முகம் வந்தது.

யோகேஸ்வரன் அவளிடம் பிளேன் ஏறுவியா என்று கேட்டாராம். "ஆமான்னுட்டா டீச்சர். எனக்குத்தான் பயம்."

ஜூலை 26, சனி

பழைய பாட்டை, இழுக்காததை, யோகேஸ்வரனின் போனில் ஏற்றிக்கொடுக்கப் போனேன். சரியாக ஏறியதா என்று பார்க்கத்தான் போட்டேன்.

லோஜினி பாடினாள்.

'ஏ' இல்லை. 'ஏழு மணி பஸ்ஸும் போயிருச்சு, நீ இன்னும் பேசல.' முழு வரி. சொல்லுக்குச் சொல். 'ழு' கொஞ்சம் குழைந்தது, அவ்வளவுதான். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. யோகேஸ்வரன் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். எங்களை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்ற மாதிரி அவள் எங்களைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

பாட்டு முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "லோஜி, இப்ப என்ன சொன்னே? சொல்லு" என்றேன்.

"ஆமா."

"ஆமாதான். அதுக்கு முன்னாடி?"

"ஆமா."

திரும்பப் போட்டோம். திரும்பப் பாடினாள். பாட்டு அதன் வேகத்தில் ஓடினால் சொற்கள் அவளிடம் வருகின்றன. நின்றால் போய்விடுகின்றன. அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது. அதைத்தான் நான் எடுத்து, ஒன்பது நிமிடத்துக்கு ஒரு எழுத்தாக இழுத்து, அவளை நடுவில் உட்காரவைத்தேன்.

யோகேஸ்வரன் கேட்டார், "அன்னிக்கு அங்க மட்டும் ஏன் டீச்சர் பாட முடியாமப் போச்சு?"

"சத்தம் ரொம்பக் கூட" என்றேன். பொய்.

ஜூலை 27, ஞாயிறு

அம்னாவுக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் அழித்தேன்.

ஜூலை 30, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். அலுமாரியைத் திறந்து சாரிகளுக்கு நடுவே மைக்கை வைத்து, அந்த வரியை நானே பாடினேன். குழுவில் இருந்த காலத்தில்கூட நான் பாடியதில்லை. "நீ வாயத் தொறந்தா பஸ்ஸு ஏழு மணிக்கு முந்தியே போயிரும்" என்பாள் லோஜினி. நான்கு தடவை பாடினேன். நான்கிலும் சுருதி விலகல். நான்காவதை வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் திகதி அந்தக் கூடத்தில் இழுபடப்போவது இந்தக் குரல். அவளுடையதை எல்லாப் பாட்டிலிருந்தும் எடுத்துவிடுவேன். யாரையாவது இப்படி இழுக்கத்தான் வேண்டுமென்றால், வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளை இழுக்கலாம்.

இது சரியா? தெரியவில்லை. அந்தக் கூடத்தில் முதல் மூச்சில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு மூச்சு அவளுக்கு வேண்டியதாக இருந்திருந்தால்? அதையும் அவளைக் கேட்காமலே எடுக்கிறேன். போடும்போது கேட்டதும் கேட்காதமாதிரிதான், எடுக்கும்போதும் அப்படித்தான்.

முதலில் யோகேஸ்வரனிடம் சொல்லவேண்டும். தன் மனைவியின் குரலை நாலு பேர் கேட்கட்டும் என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பிறகு மதுரன். அவன் படங்களெல்லாம் அவள் மூச்சுக்கு ஏற்ப அசைகின்றவை, திரும்பச் செய்யவேண்டும். கடைசியாக அம்னா. பெர்லின் இருக்காது. என் குரலை இழுத்துப் பார்த்தேன். அதற்குள் நடந்துபோக இடமில்லை. தகரத்தைக் கீறுகிற சத்தம்தான் இருக்கிறது.

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

பதிந்த கோப்பைச் சேமிக்கும்போது பெயர் கேட்டது. பழக்கதோஷத்தில் 'லோஜினி' என்று அடித்தேன். அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.