போக்கர்: ஐந்தாவது ஆலோசனை

ஏப்ரல் 23, செவ்வாய்

தேர்தல் அலைச்சலின் அலுப்பு இன்னும் போகவில்லை. மதியம் எங்கள் நாளிதழின் மதுரை அலுவலகத்திலிருந்து பிரபு பேசினான். ஞாயிறு இணைப்பைப் பார்க்கிறவன்.

"மேடம், போக்கர் தெரியுமா? புதுசா ஆடுறவங்களுக்கு அஞ்சு டிப்ஸ். ஈஸியா, உங்க பேர்ல."

படகு பிடிபட்டதையும் புயல் எச்சரிக்கையையும் எழுதுகிறவள் நான், எனக்கெதற்குச் சீட்டாட்டம் என்றேன்.

"அதான் மேடம். கடலோரத்துல உங்க பேரைப் பாத்தா நம்புறாங்கல்ல."

ஒரு போக்கர் செயலி விளம்பரம் தருகிறதாம். இதை அவன் சொல்லவில்லை. விளம்பரப் பிரிவில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மறுக்கலாமா? மறுத்தால் வேறு யாராவது வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். நானே எழுதுகிறேன். ஒழுங்காக எழுதுகிறேன்.

ஏப்ரல் 25, வியாழன்

தங்கச்சிமடம் போனேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையை ஒட்டிக் கிடக்கின்றன. வலைக் கொட்டகையில் என் அண்ணன் சிலுவைமுத்துவும் அவர் படகில் போகும் ஆட்களும் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள். பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போன காலத்தில், அங்கிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் அண்ணன் கற்ற ஆட்டம். பணயம் காசு இல்லை, சிப்பி. சிப்பி தீர்ந்தவன் அன்று படகில் காவல் படுக்க வேண்டும்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் ஐந்து, எல்லோருக்கும் பொது. இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் சேருகிறதோ அவருக்கு வெற்றி. சுற்றுக்குச் சுற்று பணயத்தை ஏற்றலாம். இல்லையென்றால் ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோலச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

அண்ணன் கையில் ஒன்றுமில்லாமலே ஏற்றுகிறார். முகத்தில் ஒரு அசைவு இல்லை. படகு ஆள் இருளாண்டி சிரித்தான்: "வயர்லெஸ்ல அடுத்த போட்டுக்காரன்கிட்ட 'ஒண்ணுமே படல மாப்ள, டீசலுக்குக்கூடக் காணாது'ம்பாரு. உள்ள பாத்தா ஐஸ் பெட்டி நெறைய எறாலு. இவருகிட்ட எவன் செயிக்க?"

ஆனால் அண்ணனுக்குக் கவிழ்க்கத் தெரியவில்லை. எவ்வளவு மட்டமான சீட்டானாலும் கடைசிவரை போகிறார். கேட்டதற்கு, "வலைய எறக்குன பெறகு இழுக்காம வாரதா, பிள்ள?" என்றார். பொழுது சாய்வதற்குள் சிப்பி காலி. காவல் அவருக்குத்தான்.

ஏப்ரல் 27, சனி

கட்டுரையை அனுப்பிவிட்டேன். வரும் சீட்டுகளில் பெரும்பாலானவை கவிழ்க்க வேண்டியவை. பணயத்தில் போட்டது இனி உங்களுடையதல்ல, அதை மீட்பதற்காக மேலும் போடாதீர்கள். இந்த இரண்டும் அண்ணனை மனதில் வைத்து எழுதியவை. உங்கள் சீட்டைவிட எதிராளியின் ஆட்டத்தைக் கவனியுங்கள் என்பது மூன்றாவது. கையிலிருப்பதை அடுத்தவருக்குக் காட்டாதீர்கள் என்பது நான்காவது. ஐந்தாவது: முகம் தெரியாதவர்களோடு, பணம் வைத்து, செல்போனில் ஆடவே ஆடாதீர்கள்.

இது போதும். இதற்கு மேல் எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை.

மே 5, ஞாயிறு

வெட்டிவிட்டான். ஐந்தாவது ஆலோசனையைப் பிரபு வெட்டிவிட்டான்.

அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? "இன்றே செயலியைத் தரவிறக்கி, சிறு தொகையில் தொடங்குங்கள்!" கீழே என் பெயர். பக்கத்தில் என் புகைப்படம். ஆச்சரியக்குறி வேறு. இத்தனை வருடத்தில் நான் ஒரு ஆச்சரியக்குறி போட்டதில்லை.

போனில் கேட்டால், "இடம் பத்தல மேடம்." இடம் பத்தாதவனுக்கு அந்த வரியப் போட மட்டும் எங்கேருந்துடா இடம் வந்துச்சு? என்ன திமிரு. என் வாயில இவன் வார்த்தையை வச்சுத் திணிக்கிறான் — போதும். நிறுத்துகிறேன்.

மே 6, திங்கள்

திருத்தம் போடச் சொல்லி எழுதி அனுப்பினேன். "பாக்குறேன் மேடம்."

மே 13, திங்கள்

நேற்றைய இணைப்பிலும் திருத்தம் இல்லை. செயலியின் விளம்பரம் அரைப் பக்கம்.

மே 21, செவ்வாய்

மதினி காலையில் போன் செய்து, "ஒடனே வா" என்று மட்டும் சொன்னாள். போனேன்.

படகின் எஞ்சினைக் கழற்றி வேலை பார்க்க வைத்திருந்த பணம் முழுவதும் அந்தச் செயலிக்குள் போய்விட்டது. போனது மட்டுமில்லை, முடங்கிவிட்டது. மோசடி செய்ததாகச் சொல்லி ஐந்து பேரின் கணக்கையும் மூடிவிட்டார்கள்.

என்ன மோசடி? அண்ணனும் படகு ஆட்களும் கொட்டகையில் உட்கார்ந்து, ஐந்து செல்போனில் ஒரே மேசைக்குள் போயிருக்கிறார்கள். ஒருவர் சீட்டை ஒருவருக்குக் காட்டி, நல்ல சீட்டு யாரிடமோ அவரை மட்டும் ஆடவிட்டு, கிடைத்ததைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். கடலில் பிடித்துவந்த மீனைப் பிரிப்பதுபோல. படகுக்கு ஒரு பங்கு தனி!

அட, நானே ஆச்சரியக்குறி போட்டுவிட்டேன்.

"அடுத்தவருக்குக் காட்டக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே" என்றேன்.

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். "இருளாண்டி அடுத்தவனா? ஒரே போட்டுல போறோம். எதுக்க ஆடுறவன்தான் அடுத்த போட்டுக்காரன்."

அவர் பொய் சொல்லவில்லை. அது திருட்டு என்று இந்த நிமிடம்வரை அவருக்குத் தோன்றவில்லை. அடிக்கலாம்போல இருந்தது. யாரை?

மதினி ஜோதிமேரி கதவுப்பக்கம் நின்றாள். "எஞ்சின் காசத் தொடாதீகன்னு காலைப் பிடிச்சேன். பேப்பர்ல ஒன் போட்டாவக் காட்டினாரு. இவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நானே எடுத்துக் குடுத்தேன்."

அதை நான் எழுதவில்லை மதினி என்றேன்.

"ஒன் மூஞ்சிதான போட்டுருந்துச்சு?"

அதோடு உள்ளே போய்விட்டாள்.

மே 22, புதன்

பிரபுவிடம் நடந்ததைச் சொன்னேன். "அவங்க ரூல்ஸை மீறுனா நாம என்ன பண்றது மேடம்? இப்ப திருத்தம் போட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

தப்பு என்றால் ஒத்துக்கொள்ளத்தானே திருத்தம்? இதைக்கூட ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா? அறிவு கெட்ட — வேண்டாம்.

மே 25, சனி

எங்கள் கோயில் பாதிரியாரை, பங்குச் சாமியை, பார்த்தேன். பூசை முடிந்ததும் அவர் அறிவிப்பு வாசிப்பார்: கல்யாண ஓலை, அன்பிய ஜெபக் கூட்டம், தண்ணீர் வரும் நேரம். என் திருத்தத்தையும் வாசிக்கச் சொன்னேன்.

"கோயில்ல சீட்டாட்டத்தப் பத்தியாம்மா?"

"கல்யாண ஓலை வாசிச்சுட்டு, ஆட்சேபம் உள்ளவுக சொல்லுங்கன்னு கேப்பீங்கல்ல ஃபாதர்? எனக்கு ஆட்சேபம் இருக்கு."

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

மே 26, ஞாயிறு

வாசித்தார். இரண்டு கல்யாண ஓலைக்குப் பிறகு, அதே குரலில்: "மே ஐந்தாம் தேதி நாளிதழில் என் பெயரில் வந்த போக்கர் கட்டுரையின் கடைசி வரி நான் எழுதியதல்ல. நான் எழுதியது: முகம் தெரியாதவர்களோடு, பணம் வைத்து, செல்போனில் ஆடவே ஆடாதீர்கள். அனிட்டா."

ஆண்கள் பக்கம் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் புரிந்தது, அண்ணன் படகு மட்டுமில்லை. வெளியே வந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். "எங்க வீட்டுலயும்க்கா. வெளிய சொல்லிராதீக." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி காத்து நின்றாள்.

மதினி என்னைப் பார்க்காமல் நேரே வீட்டுக்குப் போனாள். அண்ணன் பூசைக்கே வரவில்லை.

ஜூன் 1, சனி

சாமி வாசித்ததை யாரோ செல்போனில் பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். நிர்வாகத்தை அவமதித்ததாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடிதத்தில் என் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 15, சனி

தடை முடிந்தது. விடிவதற்கு முன்பே கரைக்குப் போய்விட்டேன். ஐஸ் ஏற்றுகிறார்கள், டீசல் ஏற்றுகிறார்கள், ஒரே கூச்சல். அண்ணன் படகு எஞ்சின் இல்லாமல் கட்டியபடி கிடக்கிறது. அவர் அதே ஊர் ஹசன் அலியின் படகில், பங்குக்கு வேலை பார்க்கும் ஆளாகப் போகிறார். சொந்தப் படகில் சுக்கான் பிடித்தவர், பின்பக்கம் நின்று வலையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். தன் படகைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மதினி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பேப்பர்ல ஒன்ன நிப்பாட்டிட்டாகளாம்ல."

"ஆமா மதினி."

"அந்த வரிய எழுதுனவன?"

"அவன் இருக்கான்."

படகு மறைந்தது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வீட்டுக்கு வா, கஞ்சி இருக்கு" என்றாள். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"அவன் நம்பர் வச்சிருக்கேல்ல? போடு. நான் பேசணும்."

எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவளிடம் நீட்டினேன்.