பதினாறாம் வாய்ப்பாடு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்றவளைத் திரும்பக் கூப்பிட்டுப் புற்றுநோய் வார்டில் நர்ஸ் வேலை கொடுத்திருக்கிறார்களே, அதுவே அத்தாட்சி.

புது மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும்போது நோயாளியைப் பேசவைப்பது என் வழக்கம். ஒவ்வாமை வந்தால் சிலருக்குக் குரல்தான் முதலில் கம்மும். நேற்று ஒரு கணக்கு வாத்தியார் பேச ஒன்றுமில்லை என்றார்.

"அப்போ பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க சார்."

கான்வென்டில் நீ முன்னால் நின்று ஒப்பிக்க, உன் பின்னலைப் பார்த்தபடி நான் கூடவே சொன்னது நினைவுக்கு வந்தது. ஏழாவது வரியில் வாத்தியார் குரல் கரகரத்தது. உடனே மருந்தை நிறுத்தித் தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தோம். மூச்சு சீரானதும் அவர் முதலில் சொன்னது:

"நூத்திப்பன்னெண்டு. தெரியாம நின்னுட்டேன்னு நெனச்சுடாதீங்க சிஸ்டர்."

உயிரோடு இருந்தவரை, என் குரல் லேசாகக் கம்மினாலே, "என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்பார் என் வீட்டுக்காரர். இப்போது என் அறையில் அதைக் கேட்க ஆளில்லை.

மூக்குக்கண்ணாடியில் கட்டிக் கழுத்தில் மாட்ட ஒரு கயிறு அனுப்பு. ஞாயிறன்று போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடாதே. என்னையும் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிக் கேள்.

டியூட்டிக்கு நேரமாகிறது.

உன் தங்கை