ஸ்லாமத் வீட்டுக்குப் பேசிய போன்

ஜொகூர்
12.8.2009

அன்புள்ள சந்திரலேகாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? முதுநகரில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போன வாரம் மில்லில் மரக்கட்டைகள் சரிந்து, என் அறையில் தங்கியிருந்த இந்தோனேசியக்காரர் ஸ்லாமத் இறந்துவிட்டார். நான் வேறு ஷெட்டில் இருந்தேன், பயப்படாதே. எங்கள் சூப்பர்வைசர் தமிழர்தான். போனை என்னிடம் நீட்டி, "அவன் சம்சாரத்துக்கு நீயே சொல்லிடுப்பா. மலாயும் அவுங்க பாஷையும் ஒண்ணுதானே?" என்றார்.

ஒன்றுதான், நம் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒன்று என்பதுபோல. இங்கே ஹொஸ்பிட்டல் என்பதை அவர்கள் ரூமா சாகிட் என்பார்கள். ஆனாலும் செய்தி அவளுக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் துடித்தாரா என்று கேட்டாள். நான் கற்றதெல்லாம் வேலைத்தள மலாய்; தூக்கு, இறக்கு, அவ்வளவுதான். சூப்பர்வைசர் எங்களை விரட்டும் வார்த்தையையே சொன்னேன்: "செப்பாட்." சீக்கிரம் என்று அர்த்தம். அது இரண்டு மொழியிலும் ஒன்று. அவள் "தெரிமா காசி" என்றாள். நன்றி. அதுவும் ஒன்று.

கொஞ்சம் வடகம் அனுப்பு. பார்சல் மேல் விலாசத்தை உன் கையாலேயே எழுது. உன் அண்ணன் இளவரசுவின் செல் நம்பரும் வேண்டும். கம்பெனி ஃபாரத்தில் அவசரத்துக்கென்று கொடுத்திருக்கும் உன் நம்பரை அடித்துவிட்டு அதை எழுதப்போகிறேன். எதுவானாலும் மச்சான் நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நம் பேச்சிலேயே உனக்குச் சொல்லட்டும்.

வேன் ஹாரன் அடிக்கிறது, போகிறேன்.

உன் கலியமூர்த்தி