வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாக்கியம்

1962 ஜனவரி 9, செவ்வாய்

ஸ்பெயினிலிருந்து கன்னியர் மடத்தார் அனுப்பிய பார்சல் வந்தது. ஆங்கில விளக்கத்தோடு ஒரு ஸ்பானிஷ் பாடப் புத்தகம். புதிதாகச் சேரும் பெண்களுக்கான விதிகள், ஆங்கிலத்தில் நான்கு பக்கம். என் மகள் அற்புதமேரி கன்னியாஸ்திரியாக மார்ச்சில் கப்பல் ஏறுகிறாள். பங்குச்சாமியார் கேட்டாராம், இவள் சரி என்றாளாம். எனக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். எனக்கு எல்லாமே கடைசியாகத்தான் வரும். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ரெங்கராஜ் இன்று எனக்குத் தலைமை ஆசிரியர்.

அவளுக்கு ஆங்கிலம் போதாது. நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாமியாராவதற்காகக் குருமடத்தில் ஐந்து வருடம் படித்து, பாதியில் விட்டு வந்த லத்தீன், இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு வேலைக்கு ஆகிறது. லத்தீனும் ஸ்பானிஷும் ஒரே குடும்பத்துப் பாஷைகள்.

ஜனவரி 21

ஏழாம் பாடம். சாப்பாட்டு மேசையில் பேசுவது.

'மே குஸ்தா எல் அர்ரோஸ்.' எனக்குச் சோறு பிடிக்கும்.

“சோறு பிடிக்கும்னு யாராவது சொல்லுவாங்களாப்பா?” என்று சிரித்தாள். பிறகு, “கத்தரிக்கா பிடிக்காதுங்கிறதுக்கு என்ன?” என்றாள்.

அடுப்படியிலிருந்து இவள் அம்மா: “ஏண்டி, இருபது வருசமா தின்னியே?”

“அப்பச் சொல்றதுக்குப் பாஷை தெரியலைம்மா.”

எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 27

ரெங்கராஜுக்குப் பிள்ளை பிறந்ததென்று பள்ளியில் எல்லோருக்கும் சாப்பாடு. நாக்கு எரியும் காரக்குழம்பு. வயிற்றுப்புண்ணுக்கு மிளகாய் கூடாதென்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அதை அவனிடமா சொல்வேன்? இலையை வழித்துத் தின்றேன். சாயங்காலம்வரை வலி.

பிப்ரவரி 2, வெள்ளி

சுத்தபோசன நாள், கறி கூடாது. வீட்டில் மீன். தட்டில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அந்த மடம் கடற்கரை ஊரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கறியை விலக்குவார்கள். வேறென்ன சமைப்பார்கள்? மீன், நண்டு, இறால்.

இவளுக்கு இறால் ஆகாது. 1948இல், ஏழு வயதில், ஜெகதாப்பட்டினத்திலிருந்து வந்த இறாலை முதல் தடவை தின்றாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்தது. நாட்டு வைத்தியர் ஏதோ கொடுத்தார். பிழைத்தாள்.

இரண்டாவது தடவை 1951, ஆவூர்த் திருவிழாவின்போது. இதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் என் தங்கை ஜெபமாலை வீட்டு விருந்து. சுரைக்காய்க் கூட்டில் கூனி, அந்தப் பொடி இறால், போட்டிருந்தாள். பிள்ளையை வண்டியில் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நார்த்தாமலை தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தேன். திரும்பி வந்து, தெருவில் நின்று, ஊர் கேட்க ஜெபமாலையைப் பேசினேன். பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்றேன். அன்றிலிருந்து அவள் வீட்டில் நான் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பதினோரு வருடம்.

பிப்ரவரி 4

அகராதியில் தேடி எழுதிவைத்தேன்: 'நோ புவேதோ கோமேர் மரீஸ்கோஸ்.' இறால், நண்டு வகை என்னால் சாப்பிட முடியாது. நூறு தடவை சொல் என்றேன். ஒரு தடவையும் சொல்லவில்லை.

விதிகளை எடுத்துக் காட்டினாள். மூன்றாம் பக்கம்: தட்டில் இட்டதை முகம் சுளிக்காமல் உண்பது கீழ்ப்படிதலின் முதல் பாடம்.

“போன அன்னைக்கே இது ஆகாது, அது ஆகாதுன்னா என்ன நினைப்பாங்க? திருப்பி அனுப்பிட்டா? கொஞ்சமாத் தின்னு, வர்ற வலியை ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துருவேன்.”

“எதை ஒப்புக்குடுப்ப, உயிரையா?”

இவள் அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “கூடப்பிறந்தவ வீட்டுல தண்ணி குடிக்காத மனுசரு, வெள்ளக்காரி வீட்டுல எப்படிச் சாப்பிடணும்னு பாடம் எடுக்குறாரு.”

புத்தகத்தை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 11

இன்றும் சொல்ல மறுத்தாள். கத்தினேன். பெற்றவன் சொல்வதைவிட அந்தக் காகிதம் பெரிதா என்றேன். அவள் கத்தவில்லை.

“சொல்லக்கூடாதுன்னு என்னையப் பழக்குனது நீங்கதானேப்பா,” என்றாள்.

பிப்ரவரி 12

எழுதாமல் விட்டால் அன்று நடந்தது நடக்காததாகிவிடுமா?

1948இல், அவள் பிழைத்து எழுந்த அன்றே, வீட்டில் கட்டளை போட்டேன். வெளியே ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது. முக்கியமாக ஜெபமாலை வீட்டில் மூச்சு விடக்கூடாது. ஏனென்றால் அவள் மகன் ஆரோக்கியமுத்து முறை மாப்பிள்ளை. பெண்ணுக்கு ஒரு சீக்கு இருக்கிறதென்று தெரிந்தால் நாளைக்கு யோசிப்பார்கள். சொந்தத் தங்கையிடமே மறைத்தேன். 1951இல் அந்த விருந்துக்குப் போகும்போது பிள்ளையிடம் சொன்னேன்: அத்தை வைத்ததைத் தின்ன வேண்டும், இது ஆகாது அது ஆகாது என்று சொல்லிக்கொண்டு நிற்காதே. பத்து வயது. கூனி வாசனை அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் தின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாள் — இப்போது நினைவுக்கு வருகிறது.

ஜெபமாலைக்கு என்ன தெரியும், பாவம். சொன்னால்தானே தெரியும். யாரைக் கொலைகாரி என்று ஊரைக் கூட்டிப் பேசினேன்? ஆரோக்கியமுத்துக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். அதையும் அவள் கணக்கில்தான் வைத்தேன்.

பிப்ரவரி 13

பாடம் நடக்கவில்லை.

மார்ச் 8

சாம்பல் புதன் நேற்று. நாளை திருச்சிக்கு ரயில் ஏற்ற வேண்டும், அங்கிருந்து பம்பாய்.

சாயங்காலம் ஜெபமாலை வீட்டுக்கு விடைபெறப் போனாள். நான் தெருமுனையில் நின்றேன். உள்ளே சாப்பிட்டுவிட்டு வந்தாள், கை ஈரமாக இருந்தது.

“என்ன வச்சா?”

“பருப்புச் சோறு. பாத்திரத்தை மூணு தடவை கழுவினேன்னு அத்தை சொல்லுச்சு. நான் போறப்பல்லாம் அப்படித்தான் கழுவும்.”

கொஞ்ச தூரம் நடந்தோம்.

“அப்பா, அந்த வாக்கியத்தை நான் அங்க சொல்லிடுறேன். நீங்க இங்க சொல்லணும்.”

யாரிடம் என்று கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் போகுமுன் அவள் 'நோ புவேதோ கோமேர்' என்று தொடங்கி முழுவதையும் தப்பில்லாமல் சொன்னாள்.

மார்ச் 30, வெள்ளி

கப்பலில் இருப்பாள். கப்பலில் வெள்ளிக்கிழமை என்ன சமைப்பார்கள்?

ஏப்ரல் 13, வெள்ளி

கடிதம் இல்லை. தபால்காரர் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

மே 4, வெள்ளி

இல்லை.

மே 11, வெள்ளி

கடிதம் வந்தது. மடிப்புக் கிழியாமல் இவள் அம்மா பிரித்தாள். வேண்டிய பாகத்தை இங்கே எடுத்து எழுதுகிறேன்:

“வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, அப்பா. பெரிய சட்டியில் மஞ்சள் சோறு, மேலே ஓட்டோடு இறால். ஜெபம் சொல்லி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் வைத்துவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். சொல்லிவிட்டேன். மடத்துத் தலைவித் தாயார் என் தட்டை எடுத்துக்கொண்டு, ஒரு முட்டை பொரித்து வரச் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். அவ்வளவுதான் அப்பா. அவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் சொல்லிவிட்டீர்களா?”

மே 12

இரண்டு தடவை அந்த வீட்டைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தேன்.

மே 13, ஞாயிறு

பூசை முடிந்து நேரே போனேன். வாசலில் ஜெபமாலையின் வீட்டுக்காரர் சூசைராஜ் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். “என்ன மச்சான், வீடு மாறி வந்துட்டீங்களா?” என்றார். பதினோரு வருடக் குத்தல், வாங்கிக்கொண்டேன்.

ஜெபமாலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்துவிட்டது. இதே தெருவில் இருந்தும் நான் பார்க்கவில்லை.

“மேரிக்கு இறால் ஆகாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும், ஜெபமால. நான்தான் ஒங்கிட்டச் சொல்லாம மறைச்சேன்.”

“தெரியும்ண்ணே,” என்றாள். “அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேயே மதினி சொல்லிருச்சு.”

பதினோரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. தெருவில் நான் பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். ஊர் என்னைக் காறித் துப்பியிருக்கும். சொல்லவில்லை.

“ஏன் சொல்லல?”

“பொம்பளப் புள்ள சங்கதி. ஊருக்கு எதுக்கு?” என்றாள். பிறகு உள்ளே திரும்பி, “கோழிக் குழம்பு. சாப்பிடுறீங்களா? காரம் கொஞ்சம் தூக்கல். இப்ப ஒங்களுக்குக் காரம் ஆகுமாண்ணே?”

ஆகும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஆகாது,” என்றேன். “வயித்துல புண்ணு இருக்கு.”

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றினாள். மோர்ச் சோறு பிசைந்து வைத்தாள், ஊறுகாய் வைக்காமல்.