அன்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டது

என் ஆசை அப்பாவுக்கு,

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அக்கா வீட்டு விறாந்தையில், நீங்கள் வந்தால் இருக்கும் அந்தப் பிரம்புக் கதிரையில் இருக்கிறேன். கேற்றைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று காலையில் அத்தையிடம் ஏச்சு. மான் ஒன்று உள்ளே வந்து செவ்வரத்தைச் செடியை மொட்டை அடித்துவிட்டது. கனடாவில் வளர்ந்தவளுக்கு வீட்டு முற்றத்தில் மான் அதிசயம்; இந்த ரவுணில் அது தெருவில் திரியும் ஆடு மாதிரி.

நான் இப்போது உளவியல் ஆராய்ச்சி மாணவி, அப்பா. குடியேறிய நாட்டின் மொழி தெரியாத பெற்றோருக்காகக் கதைத்துக் கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் என் ஆய்வு. ஏன் இதை எடுத்தாய் என்று பேராசிரியர் கேட்டபோது, "நானும் அப்படி ஒரு பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லத் துணிவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் வரவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் இதயத்தில் அடைப்பு இருக்கிறது, அடுத்த கிழமையே சோதனைக்கு வரவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டொக்டர். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "ஒண்டும் இல்லையாம் அப்பா, மருந்துக் குளிசை போட்டாக் காணுமாம்" என்றேன்.

இதை யாரிடம் பழகினேன்? உங்களிடம்தான். காய்ச்சலில் படுத்துக்கிடந்தாலும் ஊருக்குப் போன் எடுத்தால் "நாங்கள் நல்ல சுகம்" என்பீர்கள். பெரியப்பா செத்ததை இங்கிருந்து உங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மனதில் உள்ளதைச் சொல் என்பார்கள்; வீட்டிலோ கெட்டதைச் சொல்லாமல் விடுவதுதான் பாசம். அன்று நான் வீட்டுப் பிள்ளையாக நடந்துகொண்டேன்.

இரண்டு வருடத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நான்தான் உங்களைக் கொன்றேன் என்று நினைத்தேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அதையே படிப்பாக்கி வைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அவர்களிடம் எதையாவது மறைக்கிறீர்களா என்று ஆய்வுக்காகக் கேட்க இங்கே வந்தேன். கட்டைபறிச்சானில் ஒரு அம்மா, காலில் பெரிய கட்டோடு இருந்துகொண்டு, "நோர்வேயில இருக்கிற மகனுக்கு நான் ஒண்டும் மறைக்கிறேல்ல" என்றார். கால் விசயம் மகனுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். "சீ, அவன் பாவம்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன்.

நேற்றுப் பின்னேரம் அதே கேள்வியை அத்தையிடம் கேட்டேன். அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நானோ? மறைச்சது முழுக்க உன்ர கொப்பர்தான். ஆஸ்பத்திரியில நீ என்னவோ மாத்திச் சொன்னனியாம். அண்டைக்கே எனக்குப் போன் எடுத்தவன்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? பதினைஞ்சு வருசம் துறைமுகத்தில கப்பல்காரரோட வேலை செய்தவன். இங்கிலிசு விளங்கும், திருப்பிக் கதைக்கத்தான் ஏலாது. அடுத்த கிழமையே கூட்டாளி ஒருத்தரோட போய்ச் சோதிச்சு, மருந்தெல்லாம் ஒழுங்கா எடுத்தவன். பிள்ளைக்குச் சொல்லவேண்டாம், பயந்துபோவாள் எண்டான்."

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அத்தை சொன்னது உண்மையோ என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, செய்யக்கூடியதெல்லாம் செய்து பாத்தது. நீ இதை மனசில வச்சிருந்தாய் எண்டு எனக்குத் தெரியாதே" என்றார்.

பதினான்கு வருடம், அப்பா. குசினிப் படியில் இருந்து அழுதேன். பிறகு சிரித்தேன். அத்தை மீன் கையோடு பயந்துபோய் நின்றார். இன்று காலை எழும்பியபோது நெஞ்சில் பாரமே இல்லை. இடியப்பம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

உங்கள் மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தீர்கள், உங்களைக் காப்பாற்றுவதாக நான் நினைத்த மாதிரியே.

இனி ஒளிக்கமாட்டேன், இது உங்களுக்குத் தரும் வாக்கு. என் ஆய்வின் முதல் பக்கத்தில் அந்த ஆஸ்பத்திரி அறையை நடந்தபடியே எழுதுவேன். அம்மாவிடம் காய்ச்சலென்றால் காய்ச்சல் என்பேன். சற்று முன்னர்தான் அவர் போன் எடுத்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "நல்ல சுகம் அம்மா" என்றேன். உண்மையாகவே சுகமாக இருந்துகொண்டு அப்படிச் சொன்னது இதுதான் முதல் தரம்.

உங்களிடம் பொய் சொல்லி அன்றே அகப்பட்டுப்போன,
உங்கள் மகள்
வினோதினி