நீல டேப் சுற்றிய கேபிள்

அஸ்தம்பட்டி, சேலம்
3.6.2024

யுவஸ்ரீக்கு,

பதினொரு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை உன் அம்மா எடுத்து, "எதுவா இருந்தாலும் எழுதிப் போடச் சொல்றா மாப்ள" என்றார். ஊர் முழுக்க இலவச வைஃபை போடுகிறவன், பெண்டாட்டிக்கு எழுதத் தபால் பெட்டி தேடி அலைகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கரட்டூர் நகராட்சிக்கு எங்கள் ஆபீஸ் சார்பில் நான் கொடுத்த சர்வே அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. தெருவிளக்குக் கம்பங்கள் நகராட்சியுடையவை. அவற்றில் 212 கம்பங்களில் உன் அப்பா அனுமதி வாங்காமல் கேபிள் கட்டியிருந்தார். அதே கம்பங்களில்தான் வைஃபை பெட்டி வர வேண்டும். அதனால் அறுத்தார்கள். அறுத்தது நானல்ல. முப்பது வருஷமாக கேபிள் டிவி நடத்துகிறார் என்பதற்காக 212-ஐ சைபர் என்று எழுத என்னால் முடியாது.

இதற்காக நீ பையைத் தூக்கிக்கொண்டு போனது சரியில்லை.

மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. பருப்புக்கு எத்தனை விசில் என்று தெரியவில்லை. எப்போது வருகிறாய்? தேதியை மட்டும் எழுதினால் போதும்.

கலையரசன்

* * *

கரட்டூர்
9.6.2024

ஏனுங்க,

கடிதம் வந்தது. பருப்புக்கு மூன்று விசில். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

அறிக்கை பொய் என்று நான் எப்போது சொன்னேன்? பின்னிணைப்பில் என்ன வைத்தீர்கள் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லையே. நகராட்சிக் கூட்டத்தில் அப்பா, "எல்லாம் எங்க கேபிள்தான்னு எப்படிங்க சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். தலைவர் கோப்பைத் திருப்பிக் காட்டினாராம். நீங்கள் என்னிடம் வாங்கிப்போன நோட்டின் நகல். 'நீல டேப், அப்பா' 'நீல டேப், அப்பா' என்று கம்பத்துக்குக் கம்பம் என் கையெழுத்து. அப்பா எழுந்து வந்துவிட்டார். நான் இங்கே வந்து இருபது நாளாகிறது. என் கையால் போட்ட சோற்றைத் தொடுவதில்லை. அம்மா போட்டால் சாப்பிடுகிறார். அவரை இப்படி விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

கல்யாணமாகிப் பதினாலு மாதத்தில் நீங்கள் என்னை நாள் முழுக்க வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றியது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நீங்கள் "இது யாரோடது, அது யாரோடது" என்று கேட்கக் கேட்க, சின்ன வயதில் அப்பாவோடு கேபிள் இழுக்கப் போய், நம்முடையது என்று அடையாளத்துக்கு நீல டேப் சுற்றிய கதையெல்லாம் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினேன். நீங்கள் இவ்வளவு ஆசையாக நான் பேசுவதைக் கேட்டதே இல்லை என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். உங்களுக்கு அது சர்வே.

கேபிள் போனதற்காக நான் இங்கே வந்து உட்காரவில்லை.

யுவா

* * *

அஸ்தம்பட்டி
17.6.2024

யுவா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அன்றைக்கு எனக்கு அது சர்வேதான். இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் இப்போது வண்டியில் போகும்போது தோளில் உன் கை இல்லாதது தெரிகிறது. நீ பின்னால் இருந்தபோது ஏன் தெரியவில்லை என்று கேட்காதே.

இன்னொன்று. ஒப்பந்தத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். வைஃபை ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் இலவசம். அதற்குமேல் வேண்டுமென்றால் ஒப்பந்தக் கம்பெனியிடம் மாதத் திட்டம் வாங்க வேண்டும். அந்தக் கம்பெனி, நகராட்சித் தலைவரின் மைத்துனருடையது. உள்ளூர் கேபிளிலேயே டிவியோடு இன்டர்நெட்டும் மலிவாகக் கிடைக்கும்வரை அவர்கள் திட்டத்தை ஒருவரும் வாங்க மாட்டார்கள். என் 212 அதற்குத்தான் உதவியிருக்கிறது.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "தம்பி, நீங்க கம்பத்தப் பாருங்க. கம்பெனிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். வாடகை கட்டினால் உள்ளூர்க்காரர்களும் அதே கம்பங்களைப் பயன்படுத்தலாம் என்ற விதியைப் படித்துக் காட்டினேன். கவுன்சிலர் சென்னியம்மாள் மேசையைத் தட்டி, "இத இத்தன நாளா ஏஞ் சாமி சொல்லல?" என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், விண்ணப்பம் வாங்கலாம் என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானமானது.

அதோடு இதையும் சொன்னேன், கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறார்கள்: "அந்த நோட்டு என் மனைவியுடையது. எதற்கென்று சொல்லாமல் வாங்கினேன்." உன் அப்பா கடைசி வரிசையில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கலை

* * *

கரட்டூர்
28.6.2024

ஏனுங்க,

அன்று அப்பா கூட்டம் முடிந்து வந்து வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "உன்ர ஊட்டுக்காரனுக்கு ஊட்டுல சொல்றது எது, சபையில சொல்றது எதுன்னே தெரியாதா கண்ணு? ஊட்டுல சொல்ல வேண்டியதயும் சபையிலதான் சொல்றான்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்து, "சோத்தப் போடு" என்றார்.

போட்டேன். இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

கம்ப அனுமதிக்கு என் பெயரில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் படிவம் ஒத்துவரவில்லை, கம்பம் ஏற முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. இனி தொழில் என் பொறுப்பு. தொழில்நுட்பச் சரிபார்ப்புக்கு அது உங்கள் மேசைக்குத்தான் வருமாம். பெண்டாட்டி என்று பாஸ் போட வேண்டாம். பெண்டாட்டி என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். உங்களுக்கு இரண்டும் வரும்.

நீங்கள் கேட்ட தேதியை இப்போது எழுத முடியவில்லை. உங்கள் வண்டி மாதிரி சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்விடுகிறேன். பக்கத்து வீட்டுச் சுப்பையன் அண்ணன் வண்டி அது. "நான்தாம்மா, நான்தான்" என்று அவரே சொல்லிவிட்டுப் போகிறார்.

யுவா

* * *

அஸ்தம்பட்டி
4.7.2024

யுவா,

கோப்பு வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். கேபிள் உயரத்தைச் சரியாகக் குறித்திருக்கிறாயா என்று பார்க்கக் கை பரபரக்கிறது. நான் பார்க்கக் கூடாது. அதைப் பக்கத்து மேசை ஜெயபிரகாஷிடம் ஒப்படைக்கப் படிவம் எடுத்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு கோப்பைக் கைமாற்றினால் காரணம் எழுத வேண்டும்.

'விண்ணப்பதாரர் என் மனைவி' என்று எழுதினேன்.

எழுதிவிட்டு, கையெழுத்துப் போட முடியாமல் வைத்திருக்கிறேன். உறுதியாகத் தெரியாத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த வரி இன்னும் சரிதானா? உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி இனி எந்தக் காகிதமும் கொடுக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை படிவம் என் மேசையில்தான் இருக்கும்.

கலை

* * *

கரட்டூர்
9.7.2024

ஏனுங்க,

சரிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அனுமதி வந்து, புதுக் கேபிள் இழுத்து முடிக்க மூன்று மாதம் ஆகும் என்கிறார் அப்பா. அதுவரை நான் இங்கேதான். நடுவில் நீங்கள் வந்தால், கோப்புக்காகத்தான் வந்தீர்கள் என்று தலைவரின் ஆட்கள் பேசுவார்கள். அதனால் வர வேண்டாம். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன்.

வாரம் ஒரு கடிதம் போடுங்கள். கம்பம், கேபிள், கூட்டம் எதுவும் இல்லாமல் ஒரு பக்கம். வருமா என்று பாருங்கள்.

யுவா